மாதிரிக்கு எழுதிய வரி

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு திரையில் எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ஆள் எந்த இடத்தில் குழம்புவார் என்றெல்லாம் யோசித்துத் தீர்மானிப்பதுதான் என் பிழைப்பு. அலுவலகம் தில்லைநகரில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு போர்ஷனில் என் அம்மா தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு நான்கு வருடம் அப்படித்தான் இருந்தாள்.

பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாதே, அம்மாவைக் கூடவே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்கள் உண்டு. வாயில் ஜாங்கிரியை வைத்துக்கொண்டே கேட்பார்கள். அம்மாவுக்குக் காலையில் பெருமாளைச் சேவிக்காவிட்டால் அன்றைய பொழுது விடிந்ததாகவே கணக்கில்லை. மாப்பிள்ளை வீட்டில் பத்து நாளைக்கு மேல் தங்குவது அவளுக்கு மரியாதையாகப் படாது. அவளுடைய முழங்காலுக்கு எங்கள் மாடிப்படி ஆகாது. இந்த மூன்றும் நிஜம். அவள் அங்கே இருந்தது எனக்கும் வசதியாக இருந்தது என்பதும் நிஜம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதியவர்களுக்கென்று வீடுகள் கட்டி விற்கிற ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. ஜீயபுரம் பக்கம் வாழைத் தோப்புகளுக்கு நடுவே அவர்களுக்கு ஒரு வளாகம் இருந்தது, வேறு ஊர்களிலும் இருந்தன. அவர்களுடைய விற்பனை ஆட்கள் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனால், அந்தக் குடும்பத்துக்கென்றே தயாரித்த ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டுவார்கள். இதுதான் அறை, இதுதான் சாப்பாடு, டாக்டர் இத்தனை மணிக்கு வருவார் என்று. அத்தனை பேருக்கும் அதைத் தயாரித்துக் கொடுத்தது தலைமை அலுவலகத்தில் ஒரே ஒரு பெண். அவளும் எத்தனைக்குத்தான் ஈடு கொடுப்பாள்? முந்தைய குடும்பத்துக்குச் செய்ததையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவாள். ஒரு தடவை ஒரு வீட்டில் அப்பா, அம்மா இருவரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் 'தனியாக இருக்கும் உங்கள் தந்தைக்கு' என்று திரையில் வந்துவிட்டதாம். "அப்ப நான் எங்க போயிட்டேன்?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். அதோடு வியாபாரம் கெட்டது.

அதனால் விற்பனை ஆட்கள் தாங்களே செய்துகொள்கிற மாதிரி ஒரு கருவி வேண்டும் என்றார்கள். டேப்லெட்டில் சில கேள்விகளுக்குப் பதில் போட்டால், ஸ்லைடுகள் தாமாகவே அந்தக் குடும்பத்துக்கு ஏற்றபடி வரிசையாக வந்து நிற்க வேண்டும்.

நான் அந்த வேலையை ஆசையாகச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனோதானோவென்று செய்து வந்த வினை இல்லை இது. இரண்டு வாரம் விற்பனை ஆட்களோடு வீடு வீடாகப் போனேன். அவர்கள் கட்டடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களின் கண்ணோ வேறெங்கோ இருந்தது. கட்டடத்துக்காக யாரும் வீடு மாறுவதில்லை, பயத்துக்காகத்தான் மாறுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் அறையின் அளவு, வாடகை எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு கேள்வியை முன்னால் கொண்டுவந்தேன். முதலில் 'முதன்மைக் கவலை' என்று போட்டிருந்தேன். அது ஆஸ்பத்திரிச் சீட்டு போல இருந்தது. இரண்டு நாள் அடித்தடித்து எழுதி, கடைசியில் 'தனியாக இருக்கும்போது எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?' என்று வைத்தேன். பெரியவர் தன் வாயால் சொல்வதை விற்பனை ஆள் அப்படியே அந்தக் கேள்விக்குக் கீழே உள்ள பெட்டியில் எழுத வேண்டும். அது நான்காவது ஸ்லைடில் பெரிய எழுத்தில், அவர் சொன்ன மாதிரியே வரும். அதற்கடுத்த ஸ்லைடில் அந்தப் பயத்துக்கு வளாகத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று வரும். கம்பெனிக்காரர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் பெட்டியைக் கண்டால் மனிதர்களுக்குக் கை ஓடாது. என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். அதனால் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மாதிரி வாக்கியம் போட்டுவைப்போம். அதைப் பார்த்து அதேபோல எழுதுவார்கள். இருக்கிற வேலையிலேயே சின்ன வேலை அதுதான். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். மாதிரி எழுத உட்காரும்போது மனசில் மேலாக என்ன மிதக்கிறதோ அதை எடுத்துப் போட்டுவிடுவோம்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கொடியில் துணிகளோடு ஒரு பால் கவரும் காய்ந்துகொண்டிருந்தது. மேல் ஓரத்தை மட்டும் சீராக வெட்டி, கழுவி, கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். இதை எதற்குப் பத்திரப்படுத்துகிறாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"குளிக்கப் போறச்சே போனை அதுல போட்டு ரப்பர் பேண்டைச் சுத்தி எடுத்துண்டு போயிடறேன். விழுந்து கிழுந்து வெச்சா உன்னைக் கூப்பிடணுமோல்லியோ?"

"எப்பலேருந்தும்மா இது?"

"அது கெடக்கு. யார்கிட்டேயும் சொல்லிண்டிருக்காதே. பைத்தியம்னு நெனைச்சுப்பா."

சரி என்றேன். நான் வாக்குக் கொடுத்தேன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. சரி என்று ஒரு வார்த்தை. ஆனால் அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த நிமிடமே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது காவிரிப் பாலம் தாண்டியும் அந்தப் பால் கவரே கண்முன் நின்றது. திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்கு மாதிரி வாக்கியம் எழுத வேண்டி வந்தது. கை தானாக எழுதியது. 'குளிக்கப் போகும்போதும் போனைப் பால் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். விழுந்துவிட்டால் மகளைக் கூப்பிட வேண்டுமே.' கீழே 'ஒரு தாய், ஸ்ரீரங்கம்' என்றும் போட்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்து எழுதியவற்றை நான் ஒருநாளும் மாற்றியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம்தான் பெரிய தப்பு. விற்பனை ஆள் அவசரத்தில் அந்தப் பெட்டியை நிரப்பாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. நான்காவது ஸ்லைடு வெள்ளையாக வந்து நின்றால் அசிங்கமாக இருக்கும். அப்படியானால் மாதிரி வாக்கியமே வந்துவிட்டுப் போகட்டும் என்று நான் தீர்மானித்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

முதல் முறை போட்டுக் காட்டிய அன்று பெட்டியை யாரும் நிரப்பவில்லை. நான்காவது ஸ்லைடு வந்ததும் போனை நோண்டிக்கொண்டிருந்தவர்களும் திரையைப் பார்த்தார்கள். விற்பனை மேலாளர், நாற்பது வயது தாண்டிய ஒரு மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மேடம், என்னோட அம்மா பேசுற மாதிரியே இருக்குங்க. இந்த ஒரு வரி போதும்" என்றார். அந்தக் கணத்தில் அது என் அம்மாவின் வரி என்பது எனக்கு நினைவில் இல்லை. நான் எழுதிய வரி என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு விற்பனை ஆட்கள் அந்தப் பெட்டியை ஏன் நிரப்பப் போகிறார்கள்? காலியாக விட்டால்தான் நல்ல வரி வருகிறதே! சென்னை ஓட்டல்களிலும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டும் வீடியோ காலிலும் அம்மாவின் பால் கவர் போய்வந்தது. நான் வேறு வேலைகளுக்குப் போய்விட்டேன். சில மாதங்களில் அந்த வரியையே மறந்துவிட்டேன்.

ஒரு நாள் அம்மா போனில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல ஏதோ கூட்டமாம். முதியோருக்கு வீடு காட்டறாளாம். காபி, புளியோதரை உண்டாம், பிரஷரும் பார்ப்பாளாம். எதிராத்து மாமி கூப்பிடறா. போயிட்டு வரட்டுமா?"

கம்பெனி பெயரைக் கேட்டேன். எனக்கு ஒரே குஷி. "அம்மா, அதுல திரையில படம் போட்டுக் காட்டுவாளே, அது நான் பண்ணினது. அவசியம் போய்ப் பாரு" என்றேன்.

"அப்படியா! அப்போ பட்டுப் புடவையே கட்டிண்டு போறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "நன்னா இருந்தது. எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாப் போட்டிருந்தே. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிஞ்சது" என்றாள். வயதானவர்களுக்காகத்தான் எழுத்தைப் பெரிதாக வைத்தேன் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். கால் மணி நேரம் விளக்கினேன். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா மாறித்தான் போயிருந்தாள். எனக்குத்தான் உறைக்கவில்லை. முன்பெல்லாம் போன் செய்தால் முழங்காலில் ஆரம்பித்து, எதிர்வீட்டு மாமியின் மருமகள் வரை ஒன்று விடாமல் சொல்வாள். நான்தான் வேலை இருக்கிறது என்று வெட்டுவேன். இப்போது எதைக் கேட்டாலும் "நன்னா இருக்கேன்" என்று வந்தது. முட்டி வலி? நன்னா இருக்கேன். தூக்கம் வந்ததா? நன்னா இருக்கேன். பேச்சு சீக்கிரம் முடிந்தது. எனக்கு அது சௌகரியமாகக்கூட இருந்தது.

அடுத்த முறை போனபோது கொடியில் பால் கவர் இல்லை. கேட்டேன். "கிழிஞ்சுடுத்து" என்றாள். நான் சமர்த்தாக ஆன்லைனில் தண்ணீர் புகாத பை ஒன்று வாங்கி அனுப்பினேன். அதற்கடுத்த முறை போனபோது அது பிரிக்கப்படாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் மாட்டியிருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை வழக்கம்போல ஒன்பது மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கோயிலில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அன்று அந்தக் கம்பெனிக்காரர்களோடுதான் மீட்டிங். கருவியில் இன்னும் என்னென்ன சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த என் போன் பதினொரு மணிக்கு அதிர்ந்தது. எதிர்வீட்டு மாமி.

பூக்காரி கூப்பிட்டுக் குரல் வரவில்லையென்று மாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாமி தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறாள். அம்மா குளியலறையில், ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. போன் கூடத்தில் மேஜைமேல் இருந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி என்னிடம் சொன்னாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் சொன்னாள்.

"அன்னிக்கு மண்டபத்துல உங்க அம்மா பக்கத்துல இருக்கறவா எல்லார்கிட்டேயும், இது என் பொண்ணு பண்ணினதுன்னு சொல்லிண்டே இருந்தா. முன் வரிசையில போய் உக்காந்தா. அந்த பால் கவர் வந்ததா, எல்லாரும் சிரிச்சா. கேலியா இல்லேடி, நம்மளும் இப்படி ஏதாவது பண்றோமேங்கற சிரிப்பு. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் யாரோ, ஸ்ரீரங்கத்து அம்மான்னு போட்டிருக்கே, உங்க பொண்ணு பண்ணினதுன்னேளே, அப்போ இது நீங்களான்னு கேட்டுட்டா. உங்க அம்மா எழுந்துண்டுட்டா. புளியோதரைகூடச் சாப்பிடாம வந்துட்டா."

நான் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். என்மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்தது.

உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"விடு. நீயா இட்டுக்கட்டினே? நான் சொன்னதுதானே" என்றாள். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "யார்கிட்டேயும் சொல்லாதேன்னேன். அவ்வளவுதான்" என்றாள்.

"அதுக்காகவா போனை எடுத்துண்டு போறதை விட்டே?"

"அந்தக் கவரைப் பார்த்தாலே அந்த மண்டபம்தான் ஞாபகம் வந்தது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ ரெண்டு தடவை கூப்பிட்டே. மணி அடிச்சது கேட்டுது."

அழுதேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். இடுப்பு ஒடிந்து கிடந்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்று மாலையே அலுவலகத்துக்குப் போய் அந்த வரியை எடுத்தேன். பெட்டி காலியாக இருந்தால் ஸ்லைடும் காலியாகவே வரட்டும் என்று மாற்றினேன். மொத்த வேலையும் இரண்டு நிமிடம். விற்பனை ஆட்கள் ஏற்கெனவே தங்கள் போன்களில் சேமித்து வைத்திருந்த ஸ்லைடுகளில் அது இன்னும் இருந்தது. அவற்றை அழிக்க எனக்கு வழியில்லை. வரி எங்கே போயிற்று என்று விற்பனை மேலாளர் கேட்டார். சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு ஆட்கள் மூன்று மாடி தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை மாதம் இருந்தாள். பத்து நாளைத் தாண்டிய ஒவ்வொரு நாளும் அவள் சிறுத்துக்கொண்டே போனாள். ஒரு காலை, வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தவள் நின்று சொன்னாள்.

"மண்டபத்துல காமிச்சாளே, ஜீயபுரம் பக்கம். அங்கே என்னைச் சேத்துடு."

நான் முடியாது என்றேன். கோபித்துக்கொண்டேன். தினமும் பெருமாள் சேவிக்க முடியாதேம்மா என்று கெஞ்சினேன்.

"ஏகாதசிக்கு வேன் விடறாளாம். குளிக்கற ரூம்ல சுவரோரமா ஒரு கயிறு தொங்குமாம். இழுத்தா ஆள் வருவாளாம். போனெல்லாம் வேண்டாம்" என்றாள்.

அது ஐந்தாவது ஸ்லைடு. நான் அமைத்தது. அந்த மண்டபத்தில் அவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் அடுத்த ஸ்லைடை அவள் கவனமாகப் படித்திருக்கிறாள்.

என் அம்மா என்பதால் விற்பனை மேலாளரே எங்கள் வீட்டுக்கு நேரில் வந்தார். அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தார். விதிமுறைப்படி கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். "கேளுங்கோ" என்றாள் அம்மா. பெயர், வயது, மாத்திரைகள், பத்தியம். நான் வரிசைப்படுத்திய கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா பரீட்சையில் போல நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"தனியா இருக்கும்போது எதை நினைச்சுப் பயமா இருக்கும்மா?"

அம்மா என் பக்கம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஆள் ஒருவர் அறையில் இருந்தால் அவரைப் பார்ப்போமே, பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதற்காக, அப்படி என்னைப் பார்த்தாள்.

"அதைக் காலியா விட்டுடுங்கோ" என்றாள்.

"தாராளமா விடலாம்மா. முன்னல்லாம் காலியா விட்டா வேற யாரோ சொன்னது வந்து நிக்கும். மேடம் இப்ப மாத்திட்டாங்க" என்றார் மேலாளர், என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

"அப்படியா" என்றாள் அம்மா.

அவர் டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். முதலில் அம்மாவின் பெயர் வந்தது. பிறகு வாழைத் தோப்பு, சாப்பாட்டுக் கூடம். நான்காவது ஸ்லைடு வெள்ளையாக வந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது நன்னா இருக்கு" என்றாள்.

இப்போது அவள் ஜீயபுரத்தில் இருக்கிறாள். தினமும் ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். நன்னா இருக்கேன் என்கிறாள். இன்னும் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.